நாலு பல் உயரம்

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளெனிஸ் கண் விழித்தபோது புருஷன் ராஸின் முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள். ராஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தான். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஆனவர்கள் ஜூலை மாதப் புழுக்கத்தில் அப்படியெல்லாம் தூங்குவதில்லை. படகுதான் சாய்ந்திருந்தது.

"தள்ளிப் படேன்," என்றான் ராஸ், கண்ணைத் திறக்காமல்.

"தள்ளிப் படுக்க இடம் இருந்தா நான் ஏன் உன்மேல வந்து விழறேன்? எழுந்திரு. படகு தரை தட்டி நிக்குது."

சமையல் மேடையிலிருந்து டீத்தூள் டப்பா வழுக்கி வந்து அடுப்பில் முட்டிக்கொண்டு நின்றது. முட்டை இரண்டு தரையில். கிளெனிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்தாள். நேற்று சாயங்காலம் கரை தொட்டு நின்ற தண்ணீர் இரண்டரை அடி கீழே இறங்கிப்போய், நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்கு மிஞ்சியிருந்தது. மீதியெல்லாம் சேறு. சேற்றில் ஒரு சைக்கிள், ஒரு நாற்காலி, யாரோ எப்போதோ தொலைத்த ஒரு பூட்ஸ்.

இங்கிலாந்தில் மலைச்சரிவில் ஏறி இறங்கும் கால்வாய் அது. படிக்குப் படி ஒரு மதகு. ஒவ்வொரு மதகும் மேலே ஒரு கதவும் கீழே ஒரு ஜோடிக் கதவும் உள்ள கல்தொட்டி. கதவிலே, பல் வைத்த கம்பியில் ஏறி இறங்கும் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் போகும், இறக்கினால் நிற்கும், அவ்வளவுதான் விஷயம். இரண்டு மதகுகளுக்கு நடுவே இருக்கும் தேக்கம் ஒரே ராத்திரியில் வற்றிப்போனால், அந்தக் கால்வாயில் குடியிருக்கும் யாரும் வானத்தைப் பார்த்து மழையைத் திட்டமாட்டார்கள். எவன் ஷட்டரை இறக்காமல் போனான் என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் கரையிலேயே நின்றுகொண்டிருந்தது. கிளிஃபர்ட். எழுபத்தொரு வயது, பைஜாமாவுக்கு மேல் மழைக்கோட்டு, கையில் ஷட்டரைச் சுழற்றும் இரும்புச் சாவி.

"நான்தான்," என்றார். "கீழ் மதகுல, நடைபாதைப் பக்கத்துக் கதவு. இப்பத்தான் போய் இறக்கிட்டு வரேன். நான்தான் கிளென்."

சேற்றில் உட்கார்ந்த படகை யாரும் பெரிதாக நினைக்கப்போவதில்லை. மேலே இருந்து தண்ணீர் விட்டால் இரண்டு மணி நேரத்தில் மிதந்துவிடும். கிளெனிஸைக் கலக்கியது வேறு. 'நான்தான்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகக் கிளிஃபர்ட் மூன்று மாதமாகப் பயந்து செத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் நடந்தது அது. கிளிஃபர்ட் அந்த மதகுகளில் சம்பளம் இல்லாத தொண்டர். வாரத்தில் மூன்று நாள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போய், வாடகைப் படகில் வந்து முழிக்கும் குடும்பங்களை ஏற்றி இறக்கிவிடுவார். ஏப்ரலில் ஒரு நாள் அவர் பொறுப்பில் இருந்த மதகில் ஷட்டர் திறந்து கிடந்து, இரண்டு படகுகள் சேற்றில் நின்றன. அவர்தான் கடைசி ஆள். ஆனால் திறந்துவிட்டுப் போனதாக அவருக்கு ஞாபகமே இல்லை. 'எல்லாருக்கும் நடக்கிறதுதான் கிளிஃப்' என்று மேற்பார்வைக்கு வரும் பெண் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கிளிஃபர்டுக்குத்தான் போகவில்லை. அவருடைய அப்பா இதே எழுபத்தொரு வயதில், ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆன பிறகு, ஒரு நாள் விடியற்காலை டிபன் டப்பாவோடு ஆலை வாசலில் போய் நின்றவர். அதற்கப்புறம் அவர் வீட்டுக்கு முழுசாகத் திரும்பவே இல்லை. டாக்டர் கிளிஃபர்டை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, படம் வரையச் சொல்லி, ஒன்றுமில்லை போய் வாருங்கள் என்றார். டாக்டர் மரியாதை தெரிந்தவர், அதனால் அப்படித்தான் சொல்வார் என்றார் கிளிஃபர்ட்.

பத்து நாள் படகுப் பயணத்தின் முதல் நாள் சாப்பாட்டு மேஜையிலேயே அதைப் போட்டு உடைத்துவிட்டார்.

"கடுதாசி எழுதி வச்சிருக்கேன். தொண்டு வேலையை விடறேன், படகை விக்கறேன்னு. தேதி மட்டும் போடல. இன்னொரு தடவை நடந்தா அன்னிக்குத் தேதி போட்டுக் கொடுத்துடுவேன். அப்புறம் லீட்ஸ்ல பையன் வீட்டுக்குப் பக்கத்துல மூணாவது மாடி. நோரீனுக்கும் தெரியும்."

அவர் மனைவி நோரீன் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை. பதினோரு வருஷமாக அந்தப் படகுதான் அவர்கள் வீடு. அறுபதடி நீளம், ஏழடி அகலம், பெயர் 'அவசரமில்லை'.

கிளெனிஸும் ராஸும் டாஸ்மேனியாவில் ஆடு வளர்க்கிறவர்கள். மயிரிழை மாதிரி மெல்லிசான கம்பளி தரும் மெரினோ ஆடுகள். கம்பளியைத் தரம் பிரிப்பது கிளெனிஸின் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அங்கே குளிர்காலம் நடக்கும்போது இங்கே கோடைக்கு வந்து, இத்தாலியில் ஒரு வாரம் ஆலைக்காரர்களோடு, ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஒரு வாரம் ஆலைக்காரர்களோடு, பிறகு பத்து நாள் இவர்களோடு படகில் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். வேலையும் முடிந்த மாதிரி, ஊர் சுற்றின மாதிரி. ஆனால் ராஸ் இத்தாலியிலேயே நாளை எண்ண ஆரம்பித்துவிடுவான், படகுக்கு எப்போது போவோம் என்று.

இந்தச் சிநேகிதம் ஒரு சண்டையில் ஆரம்பித்தது. தரம் பிரிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஆயுசுக்கும் ஒரே எண்தான். தாங்கள் பார்த்த ஒவ்வொரு பொதியிலும் அந்த எண்ணைத் தகடு வைத்து மையடித்து அனுப்பவேண்டும். நல்லதானாலும் அவர்கள் எண்ணுக்கு, கெட்டதானாலும் அவர்கள் எண்ணுக்கு. கிளெனிஸ் சின்னப் பெண்ணாக வேலை தொடங்கிய இரண்டாம் வருஷம், இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெயர் தெரியாததால் மேலே எண்தான் எழுதியிருந்தது: '417738-க்கு உரியவருக்கு.' ஆலையின் சாயப்பட்டறையில் இருந்து ஒரு ஆள். உன் பொதியில் விரல் நீளத்துக்கு ஒரு நைலான் கயிற்றுத் துண்டு, அது சாயம் ஏறாமல் நாற்பது கஜம் கறுப்புத் துணியைக் கெடுத்தது, கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று இரண்டு பக்கம். கிளெனிஸ் நாலு பக்கம் பதில் எழுதினாள். அதற்கு அவர் ஆறு பக்கம். மூன்றாம் வருஷம் அவள் நேரிலேயே வந்து சண்டை போட்டு, நோரீன் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனாள். கயிறு அவள் பொதியில் இருந்து வந்ததுதான் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டாள். அந்த ஆள்தான் கிளிஃபர்ட்.

இப்போது அதே ஆள், சாய்ந்த படகுக்குள் ஏறி, சாய்ந்த மேஜையில் உட்கார்ந்தார். நோரீன் டீ போட்டார். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது, மேஜையில் வைத்தால் ஓடியது. யாரும் குடிக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் ஆறு மணி," என்றார் கிளிஃபர்ட். "வாடகைப் படகு ஒண்ணு, அப்பா அம்மா மூணு பசங்க. நான்தான் கீழ இறக்கிவிட்டேன். அதுக்கப்புறம் யாரும் போகல. ரெண்டு ஷட்டரையும் இறக்கினேன்னுதான் என் மனசு சொல்லுது. சத்தியம் பண்ணச் சொன்னாக்கூடப் பண்ணுவேன். அதான் பயமா இருக்கு. எங்கப்பாவும் அன்னிக்கு சத்தியம்தான் பண்ணார், இன்னிக்கு வேலை நாள்னு."

"மேல்கதவு எப்பவுமே ஒழுகும்," என்றார் நோரீன் மெதுவாக.

"ஒழுகட்டுமே. கீழ்க் கதவு சரியா மூடியிருந்தா ஒழுகின தண்ணி தொட்டியிலயே நிக்கும். நாலு பல் தூக்கியிருந்துச்சு நோரீன். நாலே பல். ராத்திரி பூரா அது வழியாப் போயிருக்கு. கொக்கி வேற பல்லுல விழுந்து கச்சிதமா மாட்டிக்கிட்டு நிக்குது." அவர் எழுந்து நின்று வெறும் காற்றில் செய்து காட்டினார். "இடது கையால கொக்கியைத் தூக்கிப் பிடிக்கணும். வலது கையால சாவியைச் சுத்தணும். அடி வரைக்கும். ரெண்டு கை வேலை இது. கொக்கியை விட்டுட்டா பாதியில மாட்டிக்கும். எனக்கு ஒரு கை மறந்துபோச்சு போல. இன்னிக்கு ஒரு கை. நாளைக்கு என்ன மறக்குமோ."

கிளெனிஸுக்கு வலது காது சுட்டது. நிஜமாகவே சுட்டது. நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தக் காதில்தான் போன் இருந்தது.

அத்தனையும் ஒரே வீச்சில் ஞாபகம் வந்தது. ராஸும் நோரீனும் வினாடி வினாப் போட்டிக்குப் பப்புக்குப் போயிருந்தார்கள். கிளிஃபர்ட் ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெளிச்சம். மேலிருந்து ஒரு பச்சைப் படகு வந்தது, நாயோடு தனியாக ஒரு அம்மாள். தனியாள் என்றால் மதகில் கை கொடுப்பது அந்தக் கால்வாயில் எழுதாத சட்டம். கிளெனிஸும் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய கெட்ட நேரம், போன் அடித்தது. டாஸ்மேனியாவில் காலை ஆறு மணி, லாரி வாசலில் நிற்கிறது, எந்தப் பொதிகள் ஏறவேண்டும், எவை நிற்கவேண்டும் என்று பண்ணைக் காரியம் பார்க்கும் டல்லி கேட்டான். பதினேழாம் பொதியை ஏற்றாதே என்று சொல்லிக்கொண்டே மேல்கதவை மூடினாள். இருபத்து மூன்றை ஏற்று என்று சொல்லிக்கொண்டே கீழ் ஷட்டரைத் தூக்கினாள். பச்சைப் படகு இறங்கிப் போனது. கதவுகளை முதுகு கொடுத்துத் தள்ளி மூடினாள். ஷட்டரை இறக்கினாள், ஒரு கையால். மறு கையில் டல்லி.

டல்லியைத் திட்டி முடித்துப் படகுக்குத் திரும்பியபோது பச்சைப் படகு அவள் நினைப்பிலேயே இல்லை. பதினேழாம் பொதிதான் இருந்தது.

இப்போது அரை நிமிஷம் அவள் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக இந்தக் கால்வாயில் ஏறி இறங்கிவிட்டு, முதல் நாள் வாடகைப் படகு எடுத்தவன் மாதிரி ஒரு வேலை. அந்த அரை நிமிஷத்தில் கிளிஃபர்ட் சமையல் மேடை இழுப்பறையைத் திறந்தார். கடிதத்தை எடுத்தார். பேனாவைத் தேடினார். தேதியை எழுதினார்.

"கிளிஃபர்ட், நிறுத்துங்க. அது நான்," என்றாள் கிளெனிஸ். "நேத்து ஒன்பது மணிக்கு ஒரு படகு கீழ போச்சு. நான்தான் இறக்கிவிட்டேன். போன் பேசிக்கிட்டே ஒரு கையால ஷட்டரை விட்டேன். உங்க ஷட்டரை நீங்க ஒழுங்காத்தான் இறக்கினீங்க. அதுக்கப்புறம் நான் தூக்கினேன்."

கிளிஃபர்ட் பேனாவை மூடினார். அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது, மனுஷன் ஒரு வார்த்தை நம்பவில்லை.

"நீ நல்லவ கிளென். எப்பவுமே நல்லவதான்."

"நல்லவளும் இல்ல, மண்ணும் இல்ல. நான்தான் பண்ணேன்."

"கிளிஃப், அவ சொல்றது உண்மைதான்," என்றான் ராஸ் திடீரென்று. எழுந்து நின்று, அந்தச் சாய்ந்த தரையில் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு. "நானே பார்த்தேன். அந்தப் படகு போனதை. சிவப்புப் படகு."

அட மடையா. கிளெனிஸ் பல்லைக் கடித்தாள். சிநேகிதனைக் காப்பாற்ற மனைவி பொய் சொல்கிறாள் என்று நினைத்து, அவனும் சேர்ந்து ஒரு பொய்யைத் தூக்கிக் கொடுக்கிறானாம்.

"ஒன்பது மணிக்கு நீ என்கூடப் பப்புல இருந்த ராஸ்," என்றார் நோரீன். "எத்தியோப்பியாவோட தலைநகரம் நைரோபின்னு எழுதிக் கொடுத்து நம்மள இரண்டாம் இடத்துக்குத் தள்ளினது அப்பத்தான்."

ராஸ் அசடு வழிய உட்கார்ந்தான்.

"பரவாயில்ல," என்றார் கிளிஃபர்ட், அவன் தோளைத் தட்டி. "ரெண்டு பேரும் நல்லா இருங்க. ஒன்பது மணிக்கு அந்த மேற்பார்வைப் பொண்ணு சைக்கிள்ல வரும். நான் கையில கொடுத்துடறேன்." கடிதத்தை மடித்து மழைக்கோட்டுப் பையில் வைத்தார்.

நோரீன் கிளெனிஸின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். நீ முயற்சி பண்ணினாயே, அதுவே போதும் என்கிற அழுத்தம். அதுதான் கிளெனிஸுக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லியும் புண்ணியவதி என்று பெயர் வாங்குவதைப் போல எரிச்சல் உண்டா?

"போனைப் பாருங்க," என்று நீட்டினாள். "எட்டு ஐம்பத்தெட்டு. பதினாலு நிமிஷம்."

"போன் பேசினது எனக்கும் தெரியும். பேசாம எப்ப இருந்திருக்க?" என்றார் கிளிஃபர்ட்.

கிளெனிஸ் ராஸின் ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு, ராத்திரி உடுப்போடு கரையில் ஏறிவிட்டாள்.

"எங்கடி போற?" என்று கத்தினான் ராஸ்.

"சாட்சியைக் கூட்டிட்டு வரேன். நீ வாயைத் திறக்காம இரு. அது ஒண்ணுதான் நீ பண்ணக்கூடிய உதவி."

பச்சைப் படகு அம்மாள் நேற்று, கீழே மூன்றாவது மதகைத் தாண்டித் தண்ணீர்க் குழாயடியில் கட்டுவேன், ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்று சொன்னது ஞாபகம் இருந்தது. இப்போது ஆறே கால். கிளெனிஸ் ஓடினாள். பூட்ஸ் இரண்டு அளவு பெரிசு, தடக் தடக்கென்று அடித்தது. நடைபாதையில் நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒருவர் ஒதுங்கி நின்று குட்மார்னிங் சொன்னார். குழாயடியில் படகு இல்லை. ஒரு கணம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. கால்வாய்ப் படகைப் பிடிக்க எவன் ஓடினான்? வேகமாக நடந்தாலே போதும். வளைவு திரும்பியதும் பச்சைப் படகு, முன்னால் நீந்தும் வாத்தைக்கூட முந்தாமல், நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க," என்று மூச்சு வாங்க அதன் கூடவே நடந்தாள் கிளெனிஸ்.

சுக்கானைப் பிடித்திருந்த அம்மாள் திரும்பினாள். கிளாஸ்கோவில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவள், பெயர் மோராக். அதெல்லாம் நேற்றே சொல்லியிருந்தாள், போன் வருவதற்கு முன்னால்.

"என்னம்மா இது, வீடு தீப்பிடிச்சிடுச்சா?"

கிளெனிஸ் கூடவே நடந்துகொண்டே சொன்னாள். ஷட்டர், நாலு பல், கிளிஃபர்ட், அவருடைய அப்பா, தேதி போட்ட கடிதம். பாதி சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மோராக் படகைக் கரைக்குத் திருப்பினாள். கயிற்றைக் கட்டினாள். நாயைக் கூப்பிட்டாள்.

"நட," என்றாள். "மூணு மதகு ஏறணும். என் முட்டி உன்னைச் சபிக்கும், வாங்கிக்கோ."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கிளிஃபர்ட் மதகுக் கதவின் நீண்ட மரக்கையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நோரீன். ராஸ் தள்ளி நின்று, சொன்னபடி, வாயைத் திறக்காமல் இருந்தான்.

மோராக் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கிளெனிஸைக் கை காட்டினாள்.

"இந்தம்மா உங்க ஆளா?"

"ஆமா," என்றார் கிளிஃபர்ட்.

"இவளுக்கு யாரு சாவி கொடுத்தது? நான் கேக்கறேன், யாரு கொடுத்தது? காதுல போனை ஒட்டவச்சுக்கிட்டு மதகு வேலை பாக்கறா. நான் தொட்டிக்குள்ள இருக்கேன், தண்ணி இறங்குது, இவ பாட்டுக்குப் பதினேழை ஏத்தாதே, பதினேழை ஏத்தாதேன்னு கத்தறா. யாரை ஏத்தாதேங்கறா, என்னையான்னு எனக்கு ஒரே குழப்பம். வெளிய போனதும் திரும்பிப் பாத்தேன். ஒத்தக் கையால ஷட்டரை விடறா. 'ரெண்டு கையையும் போடும்மா, கொக்கி விழுந்துடும்'னு கத்தினேன். என்ன பண்ணா தெரியுமா? எனக்கு டாட்டா காட்டறா. அதுவும் சாவி பிடிச்சிருந்த கையால."

கிளிஃபர்ட் அசையவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்த விதத்தைக் கிளெனிஸ் என்றைக்கும் மறக்கமாட்டாள். திட்டு ஒவ்வொன்றும் அவர் வயிற்றில் பால் வார்த்தது.

"எத்தனை மணி?" என்றார்.

"ஒன்பது. சர்ச் மணி அடிச்சுது."

"உங்க படகு எங்க படகைத் தாண்டிப் போச்சா?"

"தாண்டாம பறந்தா போச்சு? உள்ள யாரோ ரேடியோவை அலறவிட்டுக்கிட்டுக் கூடவே பாடினாங்க. பாட்டுன்னு சொல்லமுடியாது."

நோரீன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"படகு ஆடிச்சு," என்றார் கிளிஃபர்ட் மெதுவாக. "குளிச்சுக்கிட்டிருந்தேன். சோப்பு கீழ விழுந்துச்சு. நோரீன் சீக்கிரம் வந்துட்டாளேன்னு நெனச்சேன். கூப்பிட்டேன்கூட. பதில் வரல. எனக்கு ஞாபகம் இருக்கு நோரீன். படகு ஆடினது ஞாபகம் இருக்கு."

"இருக்கும். ஏன் இருக்காது?" என்றார் நோரீன். கிளிஃபர்டின் மழைக்கோட்டுத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். மூன்று மாத அழுகை, வெளியே வர நேரம் பிடித்தது. கிளிஃபர்ட் அவர் முதுகைத் தடவிக்கொண்டே கிளெனிஸைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார்.

"என்ன சொல்லணும்?"

"முதல்ல இருந்து. நான் இறக்கினேன், நீ தூக்கினே, அதுல இருந்து."

கிளெனிஸ் முதலில் இருந்து சொன்னாள். நடுவில் நிறுத்தி, எந்தக் கையில் போன், எந்தக் கையில் சாவி என்று கேட்டார். சொன்னாள். கொக்கி விழுந்த சத்தம் கேட்கலையா என்றார். டல்லி கத்தினதில் கேட்கவில்லை என்றாள். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

"முப்பது வருஷம் கழிச்சு," என்றார் கடைசியில். "அன்னிக்குக் கயிறு, இன்னிக்கு நாலு பல். கண்ணை எங்க வச்சிருந்தேன்னு அன்னிக்கே கேட்டேன். இன்னும் பதில் வரல. நாப்பது கஜம் துணி போச்சு அப்ப. இப்ப என் தேக்கமே போச்சு. மனுஷி செய்யற வேலையா இது கிளென்?"

"இல்ல," என்றாள் கிளெனிஸ். இவ்வளவு சந்தோஷமாக அவள் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

அதற்குப் பிறகு கிளிஃபர்டைப் பிடிக்க ஆள் இல்லை. ராஸை மேல் மதகுக்கு விரட்டினார். அரை ஷட்டர் தூக்கு, அதற்கு மேல் தூக்கினால் மேலே இருக்கிறவர்கள் சேற்றில் உட்காருவார்கள், ரெண்டு கையால், ரெண்டு கையால் என்று இங்கிருந்தே கத்தினார். தண்ணீர் கலங்கலாக இறங்கி வந்து, சைக்கிளை மூடியது, நாற்காலியை மூடியது. மோராக்கை உள்ளே கூப்பிட்டு நோரீன் முட்டையும் பன்றி வற்றலும் பொரித்துக் கொடுத்தார், தரையில் உடைந்தது போக மிச்சமிருந்த முட்டைகள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே படகு சேற்றை விட்டு ஒரு தடவை முனகியது, குலுங்கியது, நிமிர்ந்தது. காலையிலிருந்து மூடாமல் தொங்கிய அலமாரிக் கதவு தானாக மூடிக்கொண்டது. டீக் கோப்பைகளை முதல் தடவையாக மேஜையில் வைத்தார்கள்.

நோரீன் கையை நீட்டினார்.

"அதைக் கொடு."

கிளிஃபர்ட் மழைக்கோட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். நோரீன் பிரித்து, தேதியை மட்டும் பார்த்தார்.

"தினமும் இழுப்பறையைத் திறந்து பாப்பேன்," என்றார் கிளெனிஸிடம். "தேதி போட்டுட்டானான்னு." பிறகு வற்றல் பொரித்த சட்டியை அந்தக் கடிதத்தால் நன்றாகத் துடைத்து, குப்பைக் கூடையில் போட்டார்.

ஒன்பது மணிக்கு மேற்பார்வைப் பெண் சைக்கிளில் வந்தாள். கரையில் ஈரக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்த உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஒரு தயக்கம். பையிலிருந்து மதகுப் பதிவேட்டை எடுத்தாள், ஆனால் திறக்கவில்லை.

"கிளிஃப், இதைப் பத்தி அப்புறமா உக்காந்து பேசலாம்."

"எதுக்கு அப்புறம்? கொடும்மா இப்படி," என்றார் கிளிஃபர்ட். பதிவேட்டை வாங்கி முழங்காலில் வைத்துக்கொண்டார். நேரம் எழுதினார். எந்த மதகு, எந்தக் கதவு, எத்தனை பல் என்று எழுதினார். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். 'யார் கவனக்குறைவு' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

கிளெனிஸ் பக்கத்தில் போனாள், தன் முழுப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல. கிளிஃபர்ட் வேண்டாம் என்று கையைக் காட்டினார். கண்ணை மூடவில்லை, யோசிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. நாலு, ஒன்று, ஏழு, ஏழு, மூன்று, எட்டு என்று எழுதிவிட்டுப் பதிவேட்டை மூடினார்.